காற்றுப் புகாத குழி

சோதனைப் பட்டையின் நுனியில் உள்ள சதுரம் வெளிர்சிவப்பாக வந்தால் நிம்மதி. கருஞ்சிவப்பாக வந்தால் இல்லை. தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். நாற்றுக்காரி கடிகாரத்தை நம்பமாட்டாள். அறுபது வரை வாய்விட்டு எண்ணுவாள்.

அன்று நாற்பதிலேயே சதுரம் இருண்டுவிட்டது.

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த வண்ணங்களோடு வைத்துப் பார்த்தாள். பத்து, இருபத்தைந்து, ஐம்பது, நூறு, இருநூற்றைம்பது. பட்டை நூறில் போய் உட்கார்ந்திருந்தது. போன வாரம் இதே கிணற்றுத் தண்ணீர் இருபத்தைந்து காட்டியது. அதற்கு முந்தின வாரம் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே.

கை ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொரு பட்டையை எடுத்தாள். அதுவும் நூறு. மூன்றாவதைக் கேன் தண்ணீரில் நனைத்தாள். அறுபதைத் தாண்டி நூறு வரை எண்ணியும் அது வெள்ளையாகவே இருந்தது. பட்டையின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

மணி எட்டு. பன்னிரண்டுக்குத் தம்பி மனைவி குழந்தையோடு வந்து இறங்குவாள். தொட்டில் கயிறு மாற்றியாகிவிட்டது. கொசுவலை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

குழந்தை இந்த வீட்டை விட்டுப் போனபோது அதற்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று பால்பவுடர் கலக்கிக் கொடுத்தார்கள். தண்ணீர் வைப்பது நாற்றுக்காரியின் வேலை. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. கல்யாணமாகி நாலு வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். இந்த வீட்டில் பத்து வருடத்துக்குப் பிறகு வந்த குழந்தை. கால் மணி நேரம் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுவாள். மனம் ஒப்பவில்லை என்றால் ஆறவைத்து மறுபடியும் கொதிக்கவைப்பாள்.

முதலில் உதடுதான் மாறியது. மை தொட்டு வைத்ததுபோல. குளிர் என்று நினைத்துத் துணி சுற்றினார்கள். பிறகு நகங்கள். ஆஸ்பத்திரியில் ஊசியில் ஏறிய ரத்தம் பால் விடாத காப்பியின் நிறத்தில் இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"பால் எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணி டாக்டர். நல்லா கொதிக்கவச்சு," என்றாள் நாற்றுக்காரி. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். "சில நாள் ரெண்டு தடவ."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கொதிச்சா கிருமிதான் சாகும். உரத்து உப்பு, அந்த நைட்ரேட்டு, அது ஆவியோட போகாது. தண்ணி சுண்டச்சுண்ட அது கெட்டிப்படும். பிஞ்சு ஒடம்புக்குள்ள போனா ரத்தம் காத்தத் தூக்கிட்டுப் போக முடியாமப் பண்ணிடும்."

நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீல நிறத்திலேயே ஒரு மருந்தை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் உதடு தெளிந்தது. தம்பி மனைவி நாற்றுக்காரியை ஒரு சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் தாய்வீட்டுக்குப் போனாள். வண்டியில் ஏறும்போது மட்டும் சொன்னாள்.

"கோவம் இல்ல அண்ணி. பயம். தண்ணி சரியாகட்டும், வரேன்."

கோபமாக இருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு உறை இறக்கிய கிணறு சரிவின் அடியில் இருந்தது. சரிவு முழுக்க நிழல்வலைக்குக் கீழே அவளுடைய நாற்றுக் குழித்தட்டுகள். தக்காளி, மிளகாய், கத்தரி. எட்டு வருடமாகக் காலையும் மாலையும் உரம் கரைத்த தண்ணீரைப் பூவாளியால் தெளித்திருக்கிறாள். நாற்றுக் குடித்தது போக மிச்சமெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து, கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மண் ஆய்வகத்து மேடம் வந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சரிவை மேலும் கீழுமாக இரண்டு தடவை நடந்தார். பிறகு படிக்கல்லில் உட்கார்ந்து பேசினார்.

"உப்ப வடிகட்டி எடுக்கறது நமக்குக் கட்டுப்படியாகாது. மண்ணுலயே அதுக்கு ஆள் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நல்ல கிருமி. காத்து இருக்கற வரைக்கும் நம்மளப் போல காத்தத்தான் இழுக்கும். தண்ணி தேங்கிக் காத்து தீந்துபோச்சுன்னு வைங்க, அப்ப என்ன பண்ணும்? செத்துப்போகாது. நைட்ரேட்ட எடுத்து அத வச்சு மூச்சு விடும்."

"உப்ப வச்சு மூச்சா மேடம்?"

"ஆமா. நாம சோறத் தின்னு காத்த இழுக்கறோம். அதுங்க மரத்தத் தின்னு நைட்ரேட்ட இழுக்கும். இழுத்து முடிச்சா நைட்ரேட்டுல இருந்த நைட்ரஜன் காத்தாவே மேல போயிடும். உங்க தலைக்கு மேல இருக்கற காத்துல பெரும்பங்கு அதுதான்."

"அப்ப உப்பு?"

"இருக்காது. ஒண்ணே ஒண்ணு, காத்து உள்ள போகக் கூடாது. வாசல்ல குழாயில தண்ணி கொட்டறப்ப யாராவது கிணத்துல இறைப்பாங்களா? காத்து கெடைச்சா அதுங்க நைட்ரேட்டத் திரும்பிக்கூடப் பாக்காது."

குழித்தட்டுகளின் வடிகால் கிணற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில் குழி வெட்டினார்கள். பன்னிரண்டு தப்படி நீளம், இடுப்பளவு ஆழம். அடியில் துளையிட்ட பைப் ஒன்றை நீளவாக்கில் கிடத்தினார்கள். உள்ளே மரச்சில்லு, மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு சாண் மண். வெளியேறும் பைப்பின் வாயை உயர்த்தி வைத்ததால் குழிக்குள் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றது. அடிப் பைப்பிலிருந்து ஒரு கிளை மட்டும் மண்ணுக்கு மேலே தலைகாட்டியது, தண்ணீர் எடுத்துப் பார்க்க. அதற்கு ஒரு மூடி.

சில்லு கொடுத்தவர் மர அறுப்புப் பட்டறைக்காரர். ஐந்தாவது வண்டி ஏற்றும்போது அவரால் பொறுக்க முடியவில்லை.

"இவ்வளவு மரத்த எந்த அடுப்புலம்மா எரிப்ப?"

"எரிக்கல. கிருமிக்குச் சாப்பாடு."

"எத்தன பேரு?"

"எண்ண முடியாதாம்."

"நல்ல வீடுதான். எங்க வீட்டுல நாங்க மூணு பேருக்கே தகராறு."

உரத்தையும் பாதியாகக் குறைத்தாள். ஒரு மாதத்தில் குழிக்குள் தண்ணீர் கறுத்து, மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. கிணற்றின் எண் இருநூற்றைம்பதிலிருந்து இறங்கத் தொடங்கியது. தினமும் மோட்டார் வைத்து நாற்றுக்கு இறைத்ததில் பழைய தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணைப் போனில் சொல்வாள். "ம்" என்று கேட்டுக்கொள்வாள் தம்பி மனைவி. இரண்டு வாரம் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே வந்தபோதுதான் "அடுத்த சனிக்கிழமை வரேன் அண்ணி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

நாற்றுக்காரி மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் எண்ணைக் கேட்டுவிட்டு, "மழையா?" என்றார்.

"இல்ல மேடம்."

"உரம் கூட்டினீங்களா?"

"குறைச்ச அளவுதான். தட்டு மேல சத்தியமா."

"குழியில வாடை எப்படி?"

"அது சுத்தமா நின்னுபோச்சு மேடம். பத்து நாளா வாடையே இல்ல. தண்ணியும் தெளிஞ்சு வருது. நல்லதுன்னு நெனச்சேன்."

நாற்றுக்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது நல்லதில்லம்மா," என்றார் மேடம். "எங்கேயோ காத்து போகுது. தாள் கிழிஞ்சிருக்கா, யாராவது திறந்தாங்களா, போய்ப் பாருங்க."

தாள் கிழியவில்லை. பன்னிரண்டு தப்படியையும் முழங்காலில் தவழ்ந்து பார்த்தாள். மண் வெடிக்கவில்லை. கிளைப் பைப்பின் மூடிக்கு வந்தபோதுதான் அதன் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஒரு துளை தெரிந்தது. துளைக்குள் கறுப்பு ஹோஸ் ஒன்று நுழைந்திருந்தது. ஹோஸ் மண்ணுக்கடியில் ஓடி மோட்டார் கொட்டகைக்குள் போயிற்று. அங்கே கவிழ்த்த தட்டுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்து மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் மோட்டாரின் சத்தத்தில் இத்தனை நாளும் அது தனியாகக் கேட்கவில்லை.

அவள் சுவிட்சை அணைத்தாள். ஹோஸைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. குழியின் நீளம் முழுக்கப் போட்டிருந்தான் தம்பி. சாணுக்கு ஒரு துளை, அளந்து போட்டதுபோல.

தம்பி பைக்கில் வந்து இறங்கியபோது பின்சீட்டில் இரண்டு தண்ணீர்க் கேன்கள் கட்டியிருந்தன. மீன்குளங்களுக்குக் காற்று மோட்டார் பொருத்துவது அவன் தொழில். தெருவில் அவனுக்கு மோட்டார் என்றே பெயர்.

"என்னக்கா, குழிகிட்ட உக்காந்திருக்க?"

"இது என்னடா?"

"ஹோஸ்."

"கண்ணு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

அவன் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கினான். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான்.

"பத்து நாள் முன்னாடி மூடியத் தொறந்து பாத்தேன்க்கா. தண்ணி கன்னங்கரேல்னு கெடக்கு. முட்டை நாத்தம். குளத்துல அப்படி ஆச்சுன்னா எனக்கு ராத்திரி பகல்னு இல்லாம போன் வரும். ரெண்டு மணி நேரத்துல காத்து விடலன்னா மீனெல்லாம் வயித்தக் காட்டிட்டு மிதக்கும். எத்தன குளத்தக் காப்பாத்தியிருக்கேன்."

"இதுல மீனா வளக்கறோம்?"

"உசிருதானே. உள்ள இருக்கறதுங்க மூச்சு விடுதுன்னு நீதான சொன்ன. இத்தன பாடுபட்டு வளத்து, அவ வர்ற நேரத்துல மொத்தமா செத்துப்போச்சுன்னா? அதான் புது மோட்டார்ல ஒண்ணு எடுத்து..."

"காத்து இல்லாததாலதான்டா அதுங்க உப்பத் தின்னுச்சு. நீ காத்தக் குடுத்த, உப்ப விட்டுட்டு அத இழுக்குது. நாத்தம் வந்தாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அவன் குழியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இத யாரு சொன்னா?"

"மேடம். அன்னைக்கு நீ குளத்துல நின்ன."

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

யோசித்தாள். மரத்தைத் தின்னும் என்று சொன்னாள். மூச்சு விடும் என்று சொன்னாள். அதைச் சொல்லிச் சிரித்ததும் நினைவிருந்தது.

"தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லல."

"சொல்லல," என்றாள்.

இரண்டு பேரும் ஹோஸை நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிழல்வலைக்குக் கீழே தட்டுகள் காலைத் தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருந்தன.

"எவ்வளவு காட்டுது?" என்றான்.

"நூறு."

"எத்தன நாள்ல இறங்கும்?"

"குழி ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். கிணறு இறங்க மூணு வாரமாவது ஆகும்னு வைய்யி."

அவன் குரலைத் தாழ்த்தினான். கேட்க அங்கே யாரும் இல்லை.

"அவகிட்டச் சொல்லாதக்கா."

அவள் ஹோஸைச் சுருட்டத் தொடங்கினாள்.

"கேன் தண்ணிதானே குடுக்கப்போறோம். கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகாது. நானே பாத்துக்கறேன். மூணு வாரம் கழிச்சுத் தானா இறங்கிடும். சொன்னா திரும்பிப் போயிடுவா. இந்தத் தடவ போனா எப்ப வருவாளோ. நீ புள்ளையப் பாத்து எத்தன நாளாச்சு?"

"தொண்ணூத்தி நாலு நாளு."

"அதான் சொல்றேன்."

அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. கேன் இருக்கிறது. கவனமாக இருந்தால் போதும். ஆனால் அவள் தன் கையைப் பற்றி யோசித்தாள். ராத்திரி குழந்தை வீறிடும்போது பாட்டிலைக் கழுவ எந்தக் குழாய் பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் கை திறக்கும். முன்பும் கவனமாகத்தான் இருந்தாள். அவளைப்போல அந்தத் தெருவில் யாரும் தண்ணீர் கொதிக்கவைத்ததில்லை.

எழுந்து வீட்டுக்குள் போய்ப் போன் செய்தாள். மூன்றாவது முறையில் எடுத்தாள் தம்பி மனைவி. பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள்.

"அண்ணி, ஏறிட்டோம். நல்ல தூக்கம் இவனுக்கு. சீட்டு கெடைச்சிடுச்சு."

"அப்படியா."

"என்ன அண்ணி, எதாவது வாங்கிட்டு வரணுமா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்து நின்றது. "ஒண்ணும் வேணாம். பாத்து வா," என்றாள்.

போனை வைத்த பிறகும் கையில் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிட்டாயா என்று தம்பி வாசலிலிருந்து கேட்டான். இல்லை என்றாள். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் பூவாளியை எடுத்துக்கொண்டு தட்டுகளுக்குப் போனாள். அன்று வெறும் தண்ணீர்தான் தெளித்தாள். ஒரு வரிசைக்கு இரண்டு தடவை ஊற்றிவிட்டு அடுத்த வரிசையை விட்டுவிட்டாள். மிளகாய் நாற்றுகள் தலைசாய்ந்தன. பத்தே முக்காலுக்கு மறுபடியும் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள். நூறு. பதினொன்றேகாலுக்கு இன்னொரு பட்டை. நூறு. மூன்று மணி நேரத்தில் கிணறு மாறாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினாள்.

தம்பி சட்டை மாற்றிக்கொண்டு தலையைப் படிய வாரியிருந்தான். காற்று மோட்டாரைச் சாக்குக்குள் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டான்.

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. நாற்றுக்காரி வாசல் கேட்டுக்குப் போனாள். திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ நின்றது. தம்பி மனைவி ஒரு காலை வெளியே வைத்தாள். தோளில் குழந்தை, கன்னம் அமுங்கித் தூங்கியது. இரண்டு மடங்கு பெருத்திருந்தது.

"இறங்காத," என்றாள் நாற்றுக்காரி.

வைத்த கால் அப்படியே நின்றது.

"எண்ணு ஏறிடுச்சும்மா. நூறு. காலையிலதான் பாத்தேன். போன்ல சொல்ல வாய் வரல. இவ்வளவு தூரம் உன்ன அலைய விட்டுட்டேன்."

தம்பி மனைவி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். குழந்தையின் தலையை இன்னொரு கையால் மூடினாள், வெயிலுக்கு மறைப்பதுபோல.

"இருபத்தஞ்சுன்னு சொன்னீங்களே அண்ணி."

"போன வாரம் இருபத்தஞ்சுதான்."

"ஒரு வாரத்துல எப்படி?"

நாற்றுக்காரி வாயைத் திறந்தாள். குழி வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. அதற்குள் தம்பி பின்னால் வந்து நின்றான்.

"நான்தான்," என்றான். "குழிக்குள்ள காத்து விட்டேன்."

"எதுக்கு?"

"செத்துரும்னு நெனச்சேன்."

"எது?"

"உள்ள இருக்கறதுங்க."

தம்பி மனைவி அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று நாற்றுக்காரிக்குப் பிடிபடவில்லை.

"யாரையாவது கேட்டீங்களா?"

"இல்ல."

"மோட்டார் இப்ப எங்க?"

"பரண்ல."

"சாக்குல சுத்தியா?"

அவன் தலையை ஆட்டினான். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கறீங்களா, திருப்பவாம்மா?" என்றார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணே." அவள் நாற்றுக்காரியிடம் திரும்பினாள். "அண்ணி, இங்க வாங்க."

நாற்றுக்காரி கேட்டைத் திறந்துகொண்டு போனாள். தம்பி மனைவி குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினாள். அவள் கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். கனத்தது. முதலில் நகத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகுதான் முகத்தை. குழந்தை கண்ணைத் திறந்து, யாரென்று தெரியாமல் வெறித்து, உதட்டைப் பிதுக்கியது. சிவந்த உதடு. அழ ஆரம்பித்ததும் தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள்.

"ஆறு மாசமானா சோறு கஞ்சி ஆரம்பிக்கணும். அதுலயும் தண்ணிதான்," என்றாள். "அதுக்குள்ள சரியாகுமா?"

"தெரியலம்மா. ஆகும்னு மேடம் சொல்றாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணினத நம்பாத."

தம்பி மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து சீட்டில் இடம் விட்டாள்.

"ஏறுங்க," என்றாள் புருஷனிடம்.

"நானா?"

"வேற யாரு? உங்கள இங்க விட்டா அடுத்த வாரம் குழிக்குள்ள ஃபேன் மாட்டுவீங்க. மூணு வாரம் எங்க வீட்டுல வந்து கெடங்க. புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தா கை சும்மா இருக்கும்."

"அக்கா தனியா..."

"அண்ணி பாத்துக்குவாங்க," என்றாள். அவனைப் பார்த்துச் சொன்னாள், நாற்றுக்காரியைப் பார்த்து அல்ல.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். செருப்பில்லாமலேயே ஏறி உட்கார்ந்தான். ஆட்டோ திரும்பும்போது குழந்தை அவன் மடிக்கு மாறியதும், அழுகை நின்றதும் தெரிந்தது. தெருமுனையில் வண்டி மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

மூடியில் இருந்த துளையில் ரப்பரை வைத்து அடைத்தாள். மேலே பிளாஸ்டிக் தாளை மூன்று சுற்றுச் சுற்றிக் கம்பியால் இறுக்கினாள். மண்வெட்டியால் ஓரத்து மண்ணை இழுத்துக் குழியின் மேல் போட்டாள். வெயில் உச்சியில் நின்றது. உள்ளே மிச்சமிருக்கும் காற்றை இப்போது எத்தனை கோடி வாய்கள் இழுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அது தீர வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. உதவி செய்யவும் வழியில்லை.

ஒரு முனையில் ஏறி நின்றாள். குதிகாலை ஊன்றி மண்ணை மிதித்தாள். பாதத்தோடு பாதத்தை ஒட்டி வைத்து, இடைவெளி விடாமல், அடுத்த முனை வரை மிதித்துக்கொண்டே போனாள். அங்கே நின்று மூச்சு வாங்கினாள். திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து மிதிக்கத் தொடங்கினாள்.